பாகுபலி நின்ற கதை

திருப்பருத்திக்குன்றத்து அனந்தநாத நயினார் தம் மகனுக்குப் பாகுபலி என்று பெயர் வைத்தாரே, அங்கேதான் கோளாறு ஆரம்பம். அந்தப் பெயருக்கு உரிய சுவாமி ஒரு வருஷம் நின்ற இடத்திலேயே தவம் நின்றவர். சோறு தண்ணீர் இல்லை, அசைவு இல்லை. காலைச் சுற்றிய கொடி தோள்வரை படர்ந்தது. அனந்தநாதர் மகனோ ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்றால் அதிசயம். உட்கார்ந்து சாப்பிடும்போதும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டிருக்கும். கோயிலில் தீபாராதனை முடிவதற்குள், செருப்பு கிடக்கிறதா என்று மூன்று தடவை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

1963-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். அடுத்த மூன்று வருஷத்தில் அவன் சேர்ந்து விட்ட வேலைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. அரிசி மில்லில் இரண்டு மாதம். பஸ் கம்பெனியில் ஐந்து வாரம். பெரிய காஞ்சிபுரத்தில் சிநேகிதன் உமாபதி வீட்டில் பட்டுத்தறி பழகப் போனான். உமாபதியின் அப்பா கைலாசம் மூன்றாம் நாளே கையெடுத்துக் கும்பிட்டு, "நீ தறிக்குழியில உக்காந்துக்கினு ஆடுற ஆட்டத்துல என் பாவு நூலு அத்துப்பூடும்பா. போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். வயலுக்கு அனுப்பினால் மடையைத் திறந்துவிட்டு, அடைக்க மறந்து வேறெங்கோ போய்விடுவான். கெட்ட பிள்ளை என்று யாரும் சொன்னதில்லை. பொய் பேச மாட்டான், வாய்தவறிக்கூட யாரையும் வையமாட்டான். மனசு மட்டும் எப்போதும் அடுத்த தெருவில் இருக்கும்.

அந்த அடுத்த தெருவில்தான் அவன் தாய்மாமன் ஜினதாஸ் இருந்தார். மல்லாட்டைக் கடலை வியாபாரம், கறாரான மனுஷன். ஒரே மகள் குணமாலா, பாகுபலிக்கு முறைப்பெண். அவனுக்கு அவள்மேல் உயிர். அவளுக்கும் அப்படித்தான் என்பது கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1966 ஆனி மாதத்தில் ஒரு நாள் ஜினதாஸ் தம் அக்கா தயாவதி வீட்டுக்கு வந்து, மோரைக் குடித்துவிட்டு, மருமகனைக் கூப்பிட்டார்.

"இதபாருடா பாகுபலி, உன்மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஒரு வேலையில நிக்காதவன் ஒரு பொண்டாட்டிகிட்ட நிப்பானான்னு நாலு பேரு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? எதையாச்சும் ஒண்ணைத் தொட்டு முழுசா முடி. முடிச்சேன்னு ஒரு பேப்பரைக் கொண்டாந்து காட்டு. பொண்ணைக் குடுக்கிறேன்."

"எத்தினி நாளுக்குள்ள மாமா?"

"ரெண்டு வருஷம் பாக்கிறேன். அதுக்கு மேல வயசுப் பொண்ணை வெச்சுக்கினு இருக்க முடியாது."

அப்போது செவிலிமேட்டுப் பக்கம், பாலாற்றை ஒட்டி, அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. பிட்டர், டர்னர், வெல்டர், வயர்மேன் என்று தொழிலுக்கு ஒரு ஷெட். சேர்ந்தவர்களில் பாதிப்பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், மீதிப்பேர் சுற்றுப்பட்டுக் கிராமத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள். பிட்டர் படிப்பு ஒன்றரை வருஷம். பாகுபலி அதில் பெயர் கொடுத்தான். தறியில் தங்கைகளும் தம்பியும் உட்கார்ந்துவிட்டதால் உமாபதியும் கூடவே வந்து சேர்ந்தான்.

முதல் மூன்று மாதம் ஓர் இரும்புக் கட்டையை வைஸ் என்ற இடுக்கியில் இறுக்கி, அரத்தால் ராவிக்கொண்டே இருப்பதுதான் படிப்பு. நாலு பக்கமும் சமமாக வரவேண்டும், அவ்வளவுதான். உமாபதி காலையில் நின்ற இடத்தில் சாயங்காலம் வரை நின்றான். பாகுபலிக்கோ ஒரு மணி நேரத்தில் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கும். வெல்டிங் ஷெட்டில் பொறி பறப்பதை ஒரு பார்வை, வயர்மேன்கள் கம்பம் ஏறுவதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவான். பிட்டர் வாத்தியார் வீராசாமி வாசலிலேயே காத்திருப்பார். "வாங்க சார். எல்லா ஷெட்டும் ஒழுங்கா நடக்குதா? உங்க ரிப்போர்ட்டை எப்பத் தருவீங்க?" என்பார். பையன்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு அரத்தை எடுப்பான். எத்தனையோ நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்ததுண்டு. ஜினதாஸின் முகம் ஞாபகத்துக்கு வரும். அதற்குப் பின்னால் குணமாலாவின் முகமும் வரும்.

அவன் கால் தரித்த ஒரே இடம் உலைக்களம். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, உளி செய்யும் இடம். அங்கே எல்லாம் ஓட்டம்தான். காய்ந்த இரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. உளி நுனியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, அந்தக் கணமே தண்ணீரில் தோய்க்கவேண்டும். தோய்ச்சல் சரியாக விழுந்தால் உளி இரும்பையே வெட்டும். ஒரு மூச்சு தாமதித்தால் நுனி மெத்தென்று போய், ஒரே அடியில் மடங்கிவிடும். இரும்பு தன்னைவிட அவசரக்காரன் என்று கண்டுகொண்டதும் பாகுபலிக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. வகுப்பிலேயே அவன் உளிதான் முதல் என்று வீராசாமியே ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் செய்தான், யாரும் கேட்காமலே. தினம் காலையில் மற்றவர்கள் வருமுன் உலைக்களத் தொட்டியைக் கழுவி, கிணற்றிலிருந்து நீர் இறைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி நிரப்புவான். துணியில் தங்கியதைக் கொஞ்சம் நீரோடு வாளியில் விட்டு, வாளியைக் கிணற்று நீர்மட்டம் வரை இறக்கி, மெதுவாகச் சாய்ப்பான். எந்தத் தண்ணீரில் இருந்ததோ அந்த உயிர் அந்தத் தண்ணீருக்கே போகவேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நடக்கப் பழகும் வயதிலிருந்து பார்த்து வந்ததால் அவன் அதைப் பற்றி யோசித்ததுகூட இல்லை. ஜைனப் பிள்ளைக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

1968 மாசியில் பரீட்சை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு சுழற்றியடித்த காற்றில் செவிலிமேட்டு உலைக்களத்தின் கூரைத் தகடு பறந்துவிட்டது. அதனால் பரீட்சையைப் பெரிய காஞ்சிபுரத்துப் பழைய கட்டடத்துக்கு மாற்றினார்கள். பயிற்சி நிலையம் முதலில் ஆரம்பித்த இடம் அது, ஒரு காலத்தில் பட்டுக் கிடங்கு. இரண்டு உலைகள் இருந்தன. உலைக்கு ஒரு தொட்டி. மெட்ராஸிலிருந்து பரீட்சை அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் அதிகம் என்பதால் தோய்ச்சலுக்கு ஆளுக்கு ஒரு முறைதான் உலை என்று சொல்லிவிட்டார்.

நாள் முழுக்க ஒரு உலையே எரிந்தது; கடைசி இருவருக்காகத்தான் மற்றதையும் மூட்டி, முதல் உலையில் உமாபதி, புதிதாக மூட்டியதில் பாகுபலி என்று நிறுத்தினார்கள். பாகுபலிக்கு அன்று உடம்பெல்லாம் துடிப்பு. இந்த ஒன்று முடிந்தால் பேப்பர். பேப்பர் வந்தால் குணமாலா. துருத்தியை மிதித்தான். நிலக்கரி சீறியது. உளி நுனி கறுத்து, சிவந்து, செம்பருத்திப் பூவாக மாறியது. குறட்டால் பற்றி எடுத்து, ஒரே திரும்பலில் தொட்டியின்மேல் குனிந்தான்.

உடைந்த ஓட்டின் வழியே வெயில் தொட்டிக்குள் விழுந்திருந்தது. தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு. நூறா, ஆயிரமா, யார் கண்டது. மேலே வந்து மூச்சு வாங்குவதும், நெளிந்து கீழே இறங்குவதுமாக இருந்தன. உளியின் சூடு முகத்துக்கு எதிரே எரிந்தது. இதை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்தது.

பாகுபலி நின்றான். மனசுக்குள் மட்டும் ஓட்டம் நிற்கவில்லை. முக்கிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது, உமாபதி முக்கிவிட்டான் பார், மாமாவின் இரண்டு வருஷம் முடியப்போகிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கை இறங்கவில்லை. சிவப்பு மங்கி, செங்கல் நிறமாகி, கடைசியில் வெறும் கறுப்பு இரும்பாகிவிட்டது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "என்னய்யா, பயந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார். உளியைத் தகட்டின்மேல் வைத்து அடித்துப் பார்த்தார்கள். நுனி நாய் வால் மாதிரி சுருண்டுகொண்டது. பாகுபலி குறட்டை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினான். அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேரே ஊருக்கு வந்தவன் கோயில் கிணற்றடியில் குணமாலாவைப் பார்த்து, நடந்ததை நாலு வார்த்தையில் கொட்டினான். அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள். அழுவாள், அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்.

"அப்புறம் அந்தத் தண்ணிய என்ன பண்ணீங்க?" என்றாள்.

"எந்தத் தண்ணி?"

"புழு இருந்த தண்ணி. நாளைக்கு அடுத்த ஆளு வந்து இரும்பை அதுலதான முக்குவாரு?"

பாகுபலிக்குச் சுருக்கென்றது. தோற்ற துக்கத்தில் அவன் ஓடிவந்தானே ஒழிய, அவற்றைத் தொட்டியிலேயே விட்டுவிட்டான். மறுநாள் விடிந்ததும் பழைய கட்டடத்துக்குப் போனான். தோளிலிருந்த மேல்வேட்டியில் தொட்டி முழுவதையும் வடிகட்டி, தங்கியதை வாளியில் ஏந்தி, அந்தக் கட்டடத்துக் கிணற்றிலேயே இறக்கினான். நிமிர்ந்தபோது பின்னால் வீராசாமி நின்றுகொண்டிருந்தார். ஏன் செய்கிறான் என்று கேட்டு, கதையை முழுக்கக் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்பா, இதுக்கா நேத்து அப்படி நின்ன? பக்கத்துல உமாபதி தொட்டி. காலைல நாந்தான் புதுத் தண்ணி புடிச்சு ஊத்துனேன். உன் தொட்டியை வாட்ச்மேன் ரொப்பிட்டேன்னான், நம்பிட்டேன். 'சார், இதுல புழு இருக்குது, அதுல தோய்ச்சுக்கிறேன்'னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

பாகுபலிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருபத்திரண்டு வருஷம் நிற்காமல் ஓடியவன், ஓடவேண்டிய ஒரே கணத்தில், மூன்று அடி தள்ளிப் போகாமல் நின்றுவிட்டான். இப்படியும் ஒரு தலையெழுத்து உண்டா? மறு பரீட்சை ஆவணியில்தான் என்றும், ரிசல்ட் வரப் புரட்டாசி ஆகும் என்றும் வீராசாமி சொன்னார். அதுவரை ஷெட்டுக்கு வந்து பழகலாம் என்றார்.

ஜினதாஸ் காதுக்கு எல்லாம் போயிற்று. "புழுவைக் காப்பாத்துனது சரி, நம்ம தர்மம். பக்கத்துத் தொட்டியைப் பாக்காதது யார் தர்மம்?" என்றார். வந்தவாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாப்பிள்ளை தயாராக இருந்தார். வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு எழுந்தது. பாகுபலி வாய் திறக்கவில்லை. திறக்க என்ன முகம் இருக்கிறது?

வாய் திறந்தவள் குணமாலா. ஒரு நாள் காலைப் பூஜையில், ஊர் முழுக்கக் கூடியிருந்தபோது, சுவாமிக்கு முன்னால் போய் நின்று விரதம் எடுத்துக்கொண்டாள். பாகுபலியின் பேப்பர் வரும்வரை உப்பு தொடுவதில்லை என்று மூன்று தடவை தெளிவாகச் சொன்னாள்.

ஜினதாஸுக்கு முகம் கறுத்துவிட்டது. மகளை அடக்கலாம், சுவாமி முன்னால் எடுத்த விரதத்தை முறிக்கச் சொல்ல எந்த ஜைனத் தகப்பனுக்கு நாக்கு வரும்? வந்தவாசிக்காரர்களும் யோசித்தார்கள். புகுந்த வீட்டு உப்பைத் தொடாத மருமகளுக்கு எந்த மாமியார் இலை போடுவாள்? மரியாதையாகக் கடிதம் எழுதி விலகிக்கொண்டார்கள்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் குப்பையை அவள் தினம் இரண்டு வேளை தின்றாள். சாம்பாரும் ரசமும் அவளுக்கு என்று தனிச் சட்டியில் உப்பில்லாமல் கொதித்தன. தயாவதி வந்து சொன்ன அன்று பாகுபலி தன் தட்டிலிருந்த சோற்றைத் தள்ளி வைத்தான். தானும் உப்பை விடுவதென்று முடிவு செய்தான். நாலாம் நாள் உமாபதி வீட்டில் அவன் அம்மா தையல்நாயகி அம்மாள் மிளகு சீரகம் மணக்கச் சுடச்சுட ஒரு இட்லியை நீட்டினார். கடித்து விழுங்கிய பிறகுதான் விரதம் ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. நாலு நாள் தன்னால் முடியாததை அவள் எப்படிச் செய்கிறாள் என்று நினைக்க நினைக்க அவனுக்குப் பயமே வந்தது.

ஆனால் அந்தப் பயம் அவனை வைஸுக்கு முன்னால் நிறுத்தியது. தினம் செவிலிமேட்டுக்குப் போனான். கால் அரித்தது, மனசு குதித்தது, ஒரு நாளும் நிம்மதி இல்லை. என்றாலும் வெல்டிங் ஷெட் பக்கம் போகவில்லை. ஆவணியில் அதிகாரி வந்தபோது பாகுபலி முதலில் வாயைத் திறந்தான். "சார், தண்ணிய ஒரு தபா வடிகட்டிக்கிறேன்." அதிகாரி சரி என்று கையை ஆட்டினார். ஐந்து நிமிஷ வேலை. அன்று அவன் தோய்த்த உளி தகட்டை வெல்லம் மாதிரி வெட்டியது.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ரிசல்ட் ஒட்டினார்கள். பாகுபலியின் நம்பர் இருந்தது. சர்டிபிகேட் வர இன்னும் மாதமாகும், ஆபீஸில் சீல் வைத்து ஒரு தாள் தருவார்கள் என்று வீராசாமி சொன்னார். அவன் ஆபீஸுக்கு ஓடினான். மணி ஐந்தரை. பொழுது சாய்ந்தால் அவர்கள் வீடுகளில் யாரும் சாப்பிடுவதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே தாள் போய்ச் சேர்ந்தால் இன்றைக்கே அவள் வாயில் உப்புப் படும். குமாஸ்தா பேனாவைத் தேடினார். சீலைத் தேடினார். மையில்லை என்று இன்னொருவரைக் கூப்பிட்டார். பாகுபலி ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடையாய் நடந்தான். தாள் கையில் கிடைத்தபோது வெயில் சுவர் உச்சிக்கு ஏறிவிட்டது.

மிதித்தான். வேகவதி மணலில் சைக்கிள் செயின் கழன்றது. மாட்ட நேரமில்லை; சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு ஓடினான். மேற்கே செக்கச்செவேலென்று இருந்த வானம், அன்றைக்கு உளி மங்கினாற்போலவே, அவன் கண்முன்னால் மங்கிக்கொண்டு வந்தது. ஜினதாஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கேற்றிவிட்டார்கள்.

கூடத்தில் இலை போட்டு, சோறு ஆறிப்போயிருந்தது. இன்று ரிசல்ட் என்று தெரிந்து, கடைசி வெளிச்சம் வரை குணமாலா சாப்பிடாமல் காத்திருந்திருக்கிறாள். ஜினதாஸ் தாளை வாங்கி விளக்கடியில் வைத்து மூன்று தடவை படித்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார்.

"பொழுது பூட்டுதே" என்றார்.

பாகுபலிக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் நீர் நின்றது. "அந்தக் குமாஸ்தா சீக்கிரம் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"அதனால என்ன?" என்றாள் குணமாலா. "ஏழு மாசம் இருந்துட்டேன். இன்னும் ஒரு ராத்திரிதான?" இலையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்று உலகம் சொல்லும். அவளுக்கு இரண்டும் பொறுத்தது.

மறுநாள் வெயில் முற்றத்தில் இறங்கியதும் தயாவதி, அனந்தநாதர், பாகுபலி எல்லோரும் வந்துவிட்டார்கள். ஜினதாஸ் தாமே உள்ளே போய் உப்புச்சாடியை எடுத்து வந்து மகள் இலையின் ஓரத்தில் வைத்தார். அவள் பருப்புச் சோற்றில் சிட்டிகை கலந்து ஒரு வாய் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"உப்பு ஜாஸ்தியா இருக்குதுப்பா" என்றாள்.

ஜினதாஸ் அந்தச் சோற்றில் ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். அளவாகத்தான் இருந்தது, கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்லலாம். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பிசைந்து பிசைந்து, ஒவ்வொரு வாயாக, இலை முழுவதையும் சாப்பிட்டாள். அத்தனை நேரமும் பாகுபலி நிலைப்படி ஓரத்தில் நின்றான். கால் ஆடவில்லை, கை ஆடவில்லை. செருப்பைப் பார்க்கப் போகவில்லை. தயாவதிதான் முதலில் அதைக் கவனித்துவிட்டு அனந்தநாதரின் கையைத் தொட்டாள்.

குணமாலா கை கழுவிவிட்டு வந்து அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காருங்க," என்றாள். "எத்தினி நேரம் நின்னுக்கினே இருப்பீங்க?"